மிதிச்சோற்றுக்கு வந்தவர்கள்

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 3, திங்கட்கிழமை. அன்றைக்கு உப்பளத்துக்காரர் ஜெரால்டின் மனத்தில் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான்: தம்மைப் பற்றி ஒரு பெண் இணையத்தில் எழுதிவைத்த நான்கு வரிகளை எவராலும் அழிக்க முடியவில்லை. அவை பொய் வரிகளாக இருந்திருந்தால் அவர் இவ்வளவு கொதித்திருக்க மாட்டார். பொய்யை மறுக்கலாம்; வழக்குப் போடலாம்; எழுதியவளை ஊர் நடுவில் நிறுத்திக் கேட்கலாம். உண்மையை என்ன செய்வது?

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பங்கழிப் பக்கமாக இறங்கும் மண்பாதையின் முடிவில் அவருடைய உப்பளம் இருந்தது. குத்தகை நிலம். அதன் ஓரத்தில் சொந்த வீடு. வீட்டை ஒட்டி, சனி ஞாயிறுகளில் புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் உப்பளம் பார்க்க வருவோர் தங்குவதற்கென்று கட்டிய இரண்டு அறைகள். அந்த அறைகளுக்காகத்தான் இணைய வரைபடத்தில் தம் பெயரில் ஒரு விடுதிப் பக்கம் திறந்திருந்தார். அந்தப் பக்கத்தில்தான் அவரிடம் கூலிக்கு வந்துகொண்டிருந்த சாலம்மாளின் மகள் சந்தியா, ஒற்றை நட்சத்திரம் இட்டு, இப்படி எழுதியிருந்தாள்:

"எங்கம்மா சாலம்மாள் இவர் உப்பளத்துல உப்பு வாரும்போது வெயில்ல மயங்கி விழுந்தாங்க. வாசல்ல கார் நின்னுச்சு. கெஸ்ட்டைக் கூட்டி வரணும், கார் தர முடியாதுன்னு சொல்லிட்டார். ஆட்டோ வர்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க."

விடுதி அறைகள் காலியாகக் கிடந்ததைக்கூட ஜெரால்டு பொறுத்துக்கொண்டார். மகள் ஜெனிஷாவுக்கு வந்த ஒரு சம்பந்தம், படம் கேட்டு, ஜெபமாலை மாதாவின் திருநாளுக்குள் நாள் குறிக்கலாம் என்கிற வரைக்கும் பேசிவிட்டு, மறுநாளிலிருந்து தொலைபேசியையே எடுக்காமல் போனதை அவரால் பொறுக்க முடியவில்லை. இப்போது இன்னொரு சம்பந்தம் கூடிவந்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் புதுச்சேரியிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் பவுல்ராஜ் வங்கியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். தேநீர்க் கடையில் நுழைவதற்கு முன்னால்கூட அதன் நட்சத்திரங்களைக் கைப்பேசியில் பார்க்கிறவர் என்று தரகர் சிரித்துக்கொண்டே எச்சரித்திருந்தார்.

எனினும் அந்தத் திங்கட்கிழமை காலையில் ஜெரால்டு சற்று நிம்மதியாகவே இருந்தார். இணையத்தில் கெட்ட பெயரைப் பழுதுபார்க்கும் வேலை முந்தின வாரமே முடிந்திருந்தது. மேஸ்திரி அசோகன் வந்து, "கொஞ்சம் பாத்திப் பக்கம் வாங்க மொதலாளி, ஒண்ணு காட்டணும்" என்று கூப்பிட்டபோது அவர் பாதித் தேநீரோடு சாவகாசமாகத்தான் எழுந்து போனார்.

மழைக்காலம் முடிந்து, தேங்கிய நீரை இறைத்தபின், பாத்தியின் களிமண் தரையைக் கூலியாட்கள் வரிசையாகக் கைகோத்து நின்று வெறுங்காலால் மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகினால்தான் உப்பு மண் கலவாமல் வெள்ளையாக விளையும். அந்த மிதி வேலை தொடங்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. அசோகன் சுட்டிய பாத்தி, மிதித்து முடித்து, ஈரத்தோடு வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"இத யாரு மிதிச்சது?" என்று அசோகன் கேட்டான்.

"என்னைக் கேட்டா? மேஸ்திரி நீயா நானா?"

"நாங்க சனிக்கெழம அந்த வரப்போட நிறுத்திட்டோம். நேத்து யாரும் எறங்கல. இன்னிக்கு வந்து பாத்தா இந்தப் பாத்தி முடிஞ்சி கெடக்குது."

"உன் ஆளுங்க எவனாவது நல்ல பேரு வாங்க ஆசப்பட்டிருப்பான்."

"எங்காளுங்களா? கூப்ட்ட நேரத்துக்கு வந்தாலே பெரிய விஷயம். நல்லா பாருங்க மொதலாளி. ஒரு குதிகால் தடம் இருக்குதா?"

இல்லை. எவ்வளவு தேர்ந்த ஆள் மிதித்தாலும் களிமண்ணில் கால்களின் பள்ளமும் மேடும் தெரியும்; வெயில் சாய்வாக விழும்போது அவை மீன் செதில்போல் அடுக்கடுக்காய் மின்னும். இந்தப் பாத்தி, தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டைப்போல் கிடந்தது. வரப்பின் ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு தடம். ஈரக் களிமண்ணுக்கு நடுவே அந்தத் தடம் மாத்திரம் காய்ந்து, உட்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஜெரால்டு குனிந்து பார்த்தார். பெருவிரல் இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு பெருவிரலும் இருந்தது.

அசோகன் பார்ப்பதற்குள் அதைத் தம் செருப்புக் காலால் தேய்த்துவிட்டார். ஏன் தேய்த்தார் என்பது அவருக்கே விளங்கவில்லை.

அவர் பெயரைப் பழுதுபார்த்துக் கொடுத்தவன் வானூரில் கணினி மையம் வைத்திருக்கும் கலையரசன். தாலுகா அலுவலகத்துக்கு வருவோருக்குச் சான்றிதழ் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுப்பது அவனுடைய வெளித்தொழில். பெயர் கெட்டவர்களுக்கு இணையத்தில் பெயர் எடுத்துக் கொடுப்பது உள்தொழில்.

"அழிக்க முடியாதுண்ணே," என்றான் அவன், முந்தின வாரம் ஜெரால்டு போய்க் கேட்டபோது. "பொதைக்கலாம். மேல நல்லதாப் போட்டுட்டே இருந்தா அந்தப் பொண்ணு எழுதினது தானா கீழ போயிடும். யாரும் அவ்ளோ கீழ எறங்கிப் பாக்க மாட்டாங்க."

அவன் திரையில் முகங்களை ஓடவிட்டான். சிரித்த முகங்கள். கறுத்த, வெயில்பட்ட, நெற்றி சுருங்கிய முகங்கள். பின்னணி முழுவதும் மங்கல்.

"யாரு இந்தம்மா?"

"யாரும் இல்லண்ணே. கம்ப்யூட்டர் வரைஞ்சது. இந்த மாதிரி ஒரு ஆளு ஒலகத்துலயே கெடையாது. அதான் வசதி. நாளைக்கு வந்து 'நான் எப்பய்யா எழுதினேன்'னு சட்டையப் புடிக்க மாட்டாங்க."

"ஒரு காதுல கம்மல், இன்னொரு காதுல தொங்கட்டான் போட்டிருக்குதே."

"காதை யாருண்ணே பாக்கறாங்க? பொண்ணு பாக்க வர்றவங்களா?" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கலையரசன் எழுதிவைத்திருந்த பாராட்டுகளைப் படித்ததும் ஜெரால்டுக்கு எரிச்சல் வந்தது. 'சூப்பர் பிளேஸ்', 'நைஸ் ஓனர்' என்ற இரண்டையும் எத்தனை விதமாகத்தான் திருப்பிப் போடுவது? இதை எங்கள் ஊர் உப்பளத்தான் எழுதினான் என்று எவன் நம்புவான்? அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தாமே சொல்லச் சொல்ல அவன் அடித்தான். 'நான் இவர் பாத்தியை மிதித்தவள். இவர் வீட்டில் இலை போட்டு மிதிச்சோறு சாப்பிட்டவள்.' ஒவ்வொரு முகத்துக்கும் இதையே வெவ்வேறு விதமாகச் சொன்னார்.

மிதிச்சோறு என்பது அவர் தகப்பனார் காலத்து வழக்கம். மிதி வேலை முடிகிற நாளில் உப்பளத்துக்காரர் வரப்பின்மேல் நின்று, "மிதிச்ச காலெல்லாம் வீட்டுக்கு வரட்டும்" என்று குரல் கொடுப்பார். பாத்தியில் கால் வைத்தவர்கள் அவர் வீட்டுக் கூடத்தில் வந்து அமர்வார்கள். அவரே பரிமாறுவார். அழைத்தவர், வந்தவரை 'நீ யார்' என்று கேட்கக் கூடாது; 'எழுந்திரு' என்றும் சொல்லக் கூடாது. கூடத்துக்குப் பளிங்குக் கல் போட்டதிலிருந்து ஜெரால்டு அதை நிறுத்திவிட்டு, வரப்பிலேயே பிரியாணிப் பொட்டலம் கொடுத்துவந்தார். ஆனாலும் அதன் சொற்கள் அவருக்கு மனப்பாடம்.

"ஓனர் பதில் போட்டா இன்னும் நம்புவாங்கண்ணே," என்று கலையரசன் சொன்னபோது, அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு பாராட்டின் கீழும் தம் விரலாலேயே அடித்தார்: மிதிச்ச காலெல்லாம் வீட்டுக்கு வரட்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் இன்னொரு பாத்தி முடிந்திருந்தது. புதன்கிழமை, அதையடுத்த பாத்தியும் அதற்கடுத்ததும். கூலியாட்கள் முதலில் கேலி பேசினார்கள், "மொதலாளிக்குப் பேய் வேலை செய்யுதுடா, அதுக்குப் பீயெஃப் புடிப்பாரா?" என்றுகூட ஒருவன் கேட்டான். வியாழக்கிழமை நண்பகலில் கேலி நின்றது. கைகோத்து மிதித்துக்கொண்டிருந்த வரிசையின் கடைசியில் நின்ற சரஸ்வதி, திடீரென்று கையை உதறிக்கொண்டு வரப்பேறினாள். அவள் கோத்திருந்தது ஒரு கை. மற்றக் கை வெறும் காற்றில்தான் இருந்தது. அந்த வெறுங்கையைத்தான் அவள் புடைவையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் ஜெரால்டு.

"எங் கையக் கோத்துக்கிட்டாங்க."

"யாரு?"

"தெரியல. காஞ்ச கையி. வெரலு... வெரலு ஜாஸ்தியா இருந்துச்சுங்க."

அவள் உள்ளங்கையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அவள் அன்றைக்கே போய்விட்டாள். மறுநாள் ஒருவரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெரால்டு தம் பக்கத்தைத் திறந்து பார்த்தார். நட்சத்திரங்கள் நிறைந்திருந்தன, சந்தியாவின் வரிகள் கண்ணுக்கெட்டாத ஆழத்தில் போய்விட்டன. அவர் விரலால் தள்ளத் தள்ள முகங்கள் வந்துகொண்டே இருந்தன. தாம் தேர்ந்தெடுத்த முகங்கள் முடிந்தன. அதற்கப்புறமும் வந்தன. அவர் கலையரசனை அழைத்தார்.

"ஏம்பா, போதும்னு சொன்னேனே, எதுக்கு இன்னும் போட்டுக்கிட்டு இருக்கே?"

 "நான் போன வாரமே நிறுத்திட்டண்ணே. மேல வர்றது எதுவும் நான் போடல. நானே உங்களுக்குப் போன் பண்ணணும்னுதான் இருந்தேன். அந்தப் போட்டோவெல்லாம் பெருசு பண்ணிப் பாத்தீங்களா?"

"என்ன?"

"மூஞ்சிக்குப் பின்னாடி பாருங்க. நான் எடுத்தப்ப வெறும் மங்கலாத்தான் இருந்துச்சு. இப்ப தெளிஞ்சிருக்குது."

கம்மலும் தொங்கட்டானும் போட்ட பெண்ணின் படத்தை அவர் விரல்களால் விரித்தார். அவள் தோளுக்குப் பின்னால் ஒரு பச்சை இரும்புக் கதவு. கதவின் ஒரு பக்கம் துருப்பிடித்து, அங்கே சிவப்புப் பூச்சு அடித்திருந்தது. அது அவர் வீட்டுக் கதவு. அடுத்த முகத்துக்குப் பின்னாலும் அதே கதவு. அதற்கடுத்த முகத்துக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது.

"எடுத்துடு," என்றார் ஜெரால்டு. "எல்லாத்தையும் எடுத்துடு."

"எடுக்க வரமாட்டேங்குது. ஒண்ணு வேணா செய்யலாம். நீங்களே ஓனர் பதில்ல போட்டுடுங்க: 'இவங்க யாரையும் எனக்குத் தெரியாது, இவங்க யாரும் எங்கிட்ட வேலை செய்யல, இதெல்லாம் பொய்யி'ன்னு. நீங்கதான கூப்ட்டீங்க? நீங்கதான் இல்லன்னு சொல்லணும்."

சனிக்கிழமை, வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரம், அவர் தனியாகப் பாத்திக்குப் போனார். கடற்காற்று அடங்கியிருந்தது, இறைவை எஞ்சின் ஓடவில்லை, உப்பங்கழிச் சேற்றின் முட்டை நாற்றம் வெயிலில் கனத்து, மூக்கிலும் நாக்கிலும் படிந்து, விழுங்கினாலும் இறங்காமல் தொண்டையிலேயே தங்கியது. எல்லாப் பாத்திகளும் முடிந்திருந்தன. அவ்வளவு நிலத்தில் ஒரு சுருக்கமோ கீறலோ இல்லை. வானத்தின் வெள்ளை தரையிலும் அப்படியே விரிந்து, எங்கே தரை முடிகிறது எங்கே வானம் தொடங்குகிறது என்பது தெரியாமல் கண் கூசியது. அந்தக் கூச்சத்துக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. சப். சப். சப். ஈரக் களிமண்ணில் பல கால்கள் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழும் சத்தம்.

கானல் அசைந்தது. தூரத்து வரப்பில் ஒரு வரிசை நின்றது. கைகோத்த வரிசை. சூரியன் தலைக்குமேல் இருந்தது. அவருடைய நிழல் அவர் காலடியில் சுருண்டு கிடந்தது. அவர்களுடைய நிழல்கள் நீண்டிருந்தன. ஒன்று கிழக்கே. ஒன்று மேற்கே. ஒன்று நேராக அவரை நோக்கி.

சத்தம் நின்றது.

பின்னாலிருந்து அசோகன் பேசியபோது அவர் ஏறக்குறைய விழுந்துவிட்டார். கூலிப் பாக்கி கேட்கக்கூட அவன் வரவில்லை. மண்வெட்டியை எடுத்துப்போக வந்திருந்தான். வரப்பின் அந்தப் பக்கம் அவன் பார்க்கவேயில்லை.

"மிதி முடிஞ்சிடுச்சி மொதலாளி," என்றான். "யாரு மிதிச்சாங்களோ அவங்களுக்குச் சோறு போடுங்க. எனக்கு வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் ஜெரால்டு கைப்பேசியை எடுத்து, கலையரசன் சொன்னதை ஓர் எழுத்தும் விடாமல் அடித்தார். இவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. இவை எல்லாம் பொய். அனுப்பும் பொத்தானின்மேல் கட்டைவிரல் நின்றது. நாளைக்கு வருகிறவர்கள் இதைப் படிப்பார்கள். பாராட்டெல்லாம் பொய்யென்றால், எஞ்சுவது அந்த நான்கு வரிகள்தான். உள்ளறையில் ஜெனிஷா நாளைக்குக் கட்டவேண்டிய பட்டுப்புடைவைக்குத் தேய்ப்புப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள். சூடான பட்டின் வாசனை வந்தது. அவர் கட்டைவிரலைக் கீழே இறக்கப்போன அந்தக் கணத்தில் கைப்பேசி அடித்தது.

"ஜெரால்டு சார், பவுல்ராஜ் பேசறேன். உங்க பேஜைத்தான் பாத்துட்டே இருக்கேன். என்னா ஜனங்க சார், என்னா பாசம். எங்க வீட்டம்மா படிச்சிட்டு அழுதுட்டாங்கன்னா பாருங்களேன். இந்தக் காலத்துல வேலைக்காரங்கள யாரு சார் கூடத்துல ஒக்கார வெச்சி சோறு போடறாங்க?"

"அதெல்லாம்... எங்கப்பா காலத்துலேருந்து..."

"அதான் குடும்பம்ங்கறது. நாளைக்கு எங்களுக்கும் அந்த மிதிச்சோறுதான். வேற எதுவும் செய்யாதீங்க."

பேச்சு முடிந்தது. ஜெரால்டு தாம் அடித்த மறுப்பை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் திரும்பியபோது பச்சைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் அரவம். வாசலில் ஒரு செருப்பும் இல்லை. மனைவி ஆனந்தம்மாள் சமையற்கட்டின் பின்வழியாக ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். அவள் கை மசாலாவும் வியர்வையுமாகச் சுட்டது. அந்தச் சூடு அவருக்கு ஆறுதலாக இருந்தது.

"நீங்க கூப்ட்டீங்களா இவங்கள?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"நான் பாட்டுக்கு அரிசி களைஞ்சிட்டிருக்கேன். திரும்பிப் பாத்தா ஒக்காந்திருக்காங்க. யாருன்னு கேட்டா, 'மிதிச்ச காலுங்க'ங்கறாங்க. சிரிச்சிட்டே சொல்றாங்க. சொல்லி முடிச்சப்புறமும் சிரிச்சிட்டே இருக்காங்க. அனுப்பிடுங்க. மாப்பிள்ள வீட்டாளுங்க வர்ற நேரம்."

"அனுப்பக் கூடாது, ஆனந்தா."

"ஏன்?"

அவர் வெண்கலத் தவலையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனார்.

சுவர் ஓரமாக, எதிர்ச்சுவர் ஓரமாக, நடுவில், சமையற்கட்டின் நிலைப்படி வரை. தாம் தேர்ந்தெடுத்த முகங்கள். கறுத்த, வெயில்பட்ட, நெற்றி சுருங்கிய, சிரித்த முகங்கள். திரையில் தோள்வரை மட்டுமே இருந்தவர்கள் இப்போது முழுதாக இருந்தார்கள். தோளுக்குக் கீழே அவசரமாக முடிக்கப்பட்டவர்களாக இருந்தார்கள். தொங்கட்டான் போட்டவளின் முந்தானை, பக்கத்தில் இருந்தவனின் சட்டையாகவே தொடர்ந்தது. நடுவில் விளிம்போ தையலோ இல்லை. ஒருவனின் முன்கையில் முழங்கை இருமுறை மடங்கியிருந்தது. வியர்வை வாடை இல்லை. காய்ந்த சேறும் சுட்ட இரும்பும் கலந்த ஒரு வாடை. அவர்கள் அசையும்போதெல்லாம் மெல்லிய நொறுங்கல் கேட்டது, வாணலியில் கல்லுப்பு வெடிப்பதைப்போல. திரு இருதயப் படத்தின் கீழ் எரிந்த சிவப்பு விளக்கில் அவர்களுடைய நிழல்கள் தரையெங்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. விளக்குக்கும் அந்த நிழல்களுக்கும் தொடர்பே இல்லை.

இலைகள் ஏற்கெனவே விரிந்திருந்தன. அவர் பரிமாறினார். கைகள் சோற்றை அள்ளின. வாய்க்குப் போயின. திரும்பின. சோறு குறையவில்லை, அள்ளிய இடத்தில் ஈரம் வற்றி, பருக்கைகள் கண்ணாடித்துண்டுகளாகி வெளுத்தன. ஒருவர் குவளையை எடுத்துப் பருகிவிட்டு வைத்தார். அடியில் உப்பு நின்றது.

வாசலில் கார் ஒலியெழுப்பியது.

பவுல்ராஜ் வெள்ளை வேட்டியும் பெரிய குரலுமாக நுழைந்தார். பின்னால் அவர் மனைவி, மாப்பிள்ளை. கூடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே வரிசையின் நடுவே நடந்தார். அவர் முகங்களை மட்டுமே பார்த்தார். சிரிப்பை மட்டுமே பார்த்தார்.

"படத்துல பாத்த அதே முகம்," என்றார் மனைவியிடம். "இந்தம்மாதான, நீ அழுதியே?" பிறகு திரும்பி, கைப்பேசியை ஜெரால்டின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "சொல்லுங்க சார். இவங்கல்லாம் யாரு?"

கூடத்தில் கைகள் நின்றன. நொறுங்கல் நின்றது. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

தெரியாது என்று சொன்னால் போதும். ஒரே ஒரு சொல்.  நிலைப்படியில் ஆனந்தம்மாள் கரண்டியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் பட்டுப்புடைவையின் ஓரம் தெரிந்தது. போன சம்பந்தத்தார் தொலைபேசியை எடுக்காமல் போன அந்த வாரம் முழுக்க ஜெனிஷா சாப்பிடாமல் படுத்திருந்ததை அவர் நினைத்தார்.

"நம்ம ஆளுங்கதான்," என்றார்.

பச்சைக் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. காற்று இல்லை.

"பாத்தியா?" என்றார் பவுல்ராஜ். குனிந்து, தொங்கட்டான் போட்டவளிடம் கேட்டார். "ஏம்மா, சார் உங்களுக்கு எப்படி?"

"எங்களுக்கு அப்பா மாதிரிங்க," என்றாள் அவள்.

பக்கத்தில் இருந்தவன் கேட்காமலே சொன்னான். அதே குரல். "எங்களுக்கு அப்பா மாதிரிங்க." அவனுக்கடுத்தவள். அவளுக்கடுத்தவன். சுவரோரமாக அந்தச் சொல் நகர்ந்தது, மூலை திரும்பியது, எதிர்ச்சுவரில் வந்தது. சொல்லி முடித்தவர்கள் பக்கத்திலிருந்தவரின் கையைக் கோத்துக்கொண்டார்கள். வரிசையின் கடைசியில் பவுல்ராஜின் மனைவி, கால் வலியென்று எப்போதோ உட்கார்ந்திருந்தாள். ஒரு கை நீண்டு அவள் கையைக் கோத்தது.

"எங்களுக்கு அப்பா மாதிரிங்க," என்றாள் அவள். சிரித்தாள்.

மாப்பிள்ளை சொன்னான். பவுல்ராஜின் கையிலிருந்து கைப்பேசி விழுந்தது. பெரிய குரல் சின்னக் குரலாகி, அதையே சொன்னது.

"ஆனந்தா," என்றார் ஜெரால்டு. "நீ உள்ள போ. ஜெனிஷாவக் கூட்டிட்டுப் பின்னால போயிடு."

ஆனந்தம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவருடைய கையைத் தொட்டாள். சற்றுமுன் சுட்ட கை. காய்ந்திருந்தது.

"எங்களுக்கு அப்பா மாதிரிங்க."

அவளைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே ஓடினார். ஜெனிஷா சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பட்டுப்புடைவை. மல்லிகை. வலக்காதில் புது ஜிமிக்கி ஆடியது. வெளியே பாத்திகளின் வெள்ளை வெயில் அவள் பின்னால் எரிந்தது. அவளுடைய நிழலோ அறைக்குள் விழாமல், அந்த வெயிலை நோக்கியே நீண்டு கிடந்தது.

"ஜெனி. கண்ணு. நான் யாரு சொல்லு. நான் உனக்கு யாரு?"

அவள் முகத்தை மெல்லத் திருப்பினாள். இடக்காதில் ஒன்றும் இல்லை. துளைகூட இல்லை, குழந்தைப் பருவத்திலேயே குத்திய காது, வழவழவென்று மூடிக் கிடந்தது. அவள் சிரித்தாள். தகப்பனின் கையைக் கோத்தாள். அவர் விரல்களுக்கிடையே அவளுடைய விரல்கள் நுழைந்தன. நுழைந்துகொண்டே இருந்தன.

"எங்களுக்கு அப்பா மாதிரிங்க," என்றாள்.

இதை வாசித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டும்; கேட்பதுகூட அன்று, கட்டளையாகவே சொல்ல வேண்டும். போகாத விடுதிக்கு, உண்ணாத உணவுக்கு, அறியாத மனிதருக்கு, யாரோ கேட்டார் என்பதற்காக நீங்களும் என்றைக்கோ ஒரு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கைப்பேசியை எடுங்கள். அதைத் தேடுங்கள். இன்றே, இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன்பே, அதை நீக்கிவிடுங்கள்.